பீரோவில் ஒன்பது நாள்

மே 20

அன்புள்ள ஜுவேரியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இதைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். பால் வாங்கி வை என்று ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டுகளைக் கணக்கில் சேர்க்காதே. வந்ததும் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் பேசலாம். அதுவும் பின்னால் முப்பது பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்டாட்டியிடம் அப்படி என்ன பேச முடியும்? 'சாப்டியா', 'சாப்டேன்' என்பதோடு நேரம் முடிந்துவிடும்.

வருஷத்துக்கு இரண்டு மாசம் கேம்ப் வந்துபோகும் டெரிட்டோரியல் ஆர்மிக்காரன், மற்ற பத்து மாசமும் தி.நகர் துணிக்கடைகளில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன் என்றெல்லாம் இங்கே தயவு கிடையாது. எல்லையில் சண்டை என்றதும் எல்லாரும் முழுச் சிப்பாய்தான். எட்டாம் தேதி ஆஜராக வேண்டியவன் பதினைந்தாம் தேதி வந்து நின்றால் மாலை போட்டா வரவேற்பார்கள்? பதினாலு நாள் முதுகில் மூட்டையைக் கட்டி மைதானத்தைச் சுற்ற வேண்டும் என்று தண்டனை. தோள் இரண்டும் வீங்கிப்போய்விட்டன.

ஆஜராகச் சொன்ன தபால் பதினொன்றாம் தேதிதான் கைக்கு வந்தது என்று சொன்னேன். சுபேதார் சாப் நம்பவில்லை. தபால்காரர் மேல் புகார் எழுதிக் கொடு, விசாரிக்கிறோம் என்கிறார். எழுதட்டுமா?

பெரிய சங்கடம் வேறு. நான் வராததால்தான் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலில் போகிறான் என்று அன்று சொன்னேனே, நம் வைரவன், அவன் போனது என் இடத்துக்காம். வேளச்சேரியில் கால்டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். நம் நிக்காஹ்வில் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவன் பெண்டாட்டி பொன்மணியிடம் திட்டு வாங்கினானே, அவன்தான். நான் வந்து சேர்வதற்குள் அவனை மலைக்கு மேலே அனுப்பிவிட்டார்கள். நான் அடுத்த பேட்சோடு கீழேயே பயிற்சியில் இருக்கிறேன்.

நேற்று எல்லாருக்கும் தடுப்பூசி போட்டார்கள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் தேய்த்ததும் அந்த வாசனை வந்தது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவிட்டு நீ திரும்பி வரும்போது உன் விரலில் இருக்கும் வாசனை. டாக்டர் என் பெயரைக் கேட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. ஊசிக்குப் பயந்தவன் என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்ட்ரலில் ரயில் ஏறும்முன் உன்னிடம், "சொன்னது செஞ்சதுல ஏதாச்சும் தப்பிருந்தா மன்னிச்சுடு" என்று கேட்டேன். பயணம் போகிறவர் கேட்பதும், நிற்கிறவர் திருப்பிக் கேட்பதும் நம்மிடம் வழக்கம்தானே. நீ திருப்பிக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாய், அதனால் இருக்கும்.

உன் ஷோயப்


மே 29

அன்புள்ளவருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் நேற்று வந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தபால்காரர் மேல் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். நல்ல மனிதர். இந்த வெயிலில் மூன்று மாடி ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு நமக்கு என்ன உரிமை? எழுதியிருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். மறக்காமல் செய்யுங்கள்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கச்சேரி ரோடு பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து வருகிறவர்கள் கீழே நின்று, "மிலிட்டரி பாய் எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நல்லா இருக்கார் என்கிறேன்.

மாட வீதி விஜயலக்ஷ்மி மாமி வீட்டுக்குச் சர்க்கரை டெஸ்டுக்குப் போனேன். "உங்காத்துக்காரர் சண்டைக்குப் போயிருக்காராமே? பத்திரமா இருப்பார், கவலைப்படாதே. நான் கபாலீஸ்வரர்ட்ட வேண்டிண்டிருக்கேன்" என்றார். எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்திவிட்டேன். ஒன்பது வருஷ வேலையில் அந்த மாமிக்கு நான் இரண்டாவது தடவை குத்தியதே இல்லை. "பரவாயில்லைடிம்மா, உன் மனசு இங்க இல்லை" என்றார் அவர்.

படுக்கையில் உங்கள் பக்கத்தில் மடிக்காத துணிகளைக் குவித்து வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் பார்க்கப் பிடிக்கவில்லை.

சென்ட்ரலில் நான் திருப்பிக் கேட்காததற்குக் காரணம் அழுகை இல்லை. அதை இப்போது எழுத வேண்டாம். வைரவன் அண்ணனிடமிருந்து சேதி வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். தினமும் அவருக்கும் சேர்த்துத்தான் துஆ கேட்கிறேன்.

ஜுவேரியா


ஜூன் 6

அன்புள்ள ஜுவேரியா,

நாளை பக்ரீத். இங்கே நாங்கள் பதினோரு பேர் இருக்கிறோம். தொழுகைக்கு ஒரு கூடாரம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். பிரியாணியும் உண்டாம். லங்கர் என்று இங்கே சொல்லும் சமையற்கூடத்துச் சமையல்காரர் போன வாரம் போட்டதற்கும் பிரியாணி என்றுதான் பெயர் சொன்னார். பெயரில் என்ன இருக்கிறது, சாப்பிட்டோம்.

புகார் எழுதவில்லை, போதுமா? தபால்காரருக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறாயே. எனக்காக ஒருநாள் இப்படிச் சண்டை போட்டிருப்பாயா?

மூட்டை தூக்குவது முடிந்துவிட்டது. இப்போது விடியற்காலையில் எழுப்பி மலை ஏறவிடுகிறார்கள். நேற்று மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது உன்னை நினைத்தேன். பறங்கிமலைப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதே போதும்" என்றாயே. உன்னைப் போல எல்லாரும் இருந்தால் உலகத்தில் சண்டையே வராது.

அலுவலகத்தில் முதல் பேட்ச் பட்டியலைப் பார்த்தேன். என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பேனாவால் வைரவன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இது வந்து சேரும்போது பக்ரீத் முடிந்திருக்கும், ஃப்ரிட்ஜில் இருக்கும் நம் பங்குக் கறியிலிருந்து பொன்மணிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா. நான் சொன்னதாகச் சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

நீ எழுத வேண்டாம் என்று விட்ட காரணம் என்னவென்று கேட்க மாட்டேன். சொல்லத் தோன்றும்போது சொல்.

ஷோயப்


ஜூன் 17

அன்புள்ளவருக்கு,

இதற்குள் உங்களுக்குச் சேதி வந்திருக்கும். பன்னிரண்டாம் தேதி மலைப்பாதையில் வைரவன் அண்ணன் போன வண்டி உருண்டுவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்கிறார்கள். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பொன்மணி போன் செய்தபோது நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். "ஜுவா, அவருக்குக் காலு போச்சு. பிரேக் மெறிக்கிற காலு. இனிமே இன்னாத்த ஓட்டுவாரு?" என்றாள். திருமயிலையில் பறக்கும் ரயிலைப் பிடித்து வேளச்சேரிக்குப் போனேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஐந்தாவது படிக்கும் அவள் பெண் முந்தானையைப் பிடித்தபடி நின்றது. "நீ இருக்கறதுதான் தெம்பா கீது" என்றாள் பொன்மணி. அந்தத் தோளை வெட்டிப் போட்டுவிடலாம் போல எனக்கு இருந்தது.

தபால் பதினொன்றாம் தேதி வரவில்லை. மே 2ஆம் தேதியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, நீங்கள் ஜும்மாவுக்குப் போயிருந்தீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். கவரின் மேல் இருந்த முத்திரையைப் பார்த்ததுமே என்ன என்று புரிந்துவிட்டது. பிரிக்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் விரித்திருக்கும் பேப்பரைத் தூக்கி, அதற்குக் கீழே வைத்துவிட்டேன்.

சண்டை நாலு நாளில் நின்றுவிடும் என்று டிவியில் எல்லாரும் சொன்னார்கள். நின்ற பிறகு எடுத்துக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். வருஷத்துக்கு இரண்டு மாசம் முகம் கோணாமல் அனுப்பி வைக்கிறேனே, இந்த ஒரு தடவை வேண்டாம் என்று நினைத்தேன். உங்கள் இடத்தில் இன்னொருவர் பெயர் ஏறும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பதாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டின்போது, வைரவனைக் கூப்பிட்டுவிட்டார்கள், ரயிலில் போய்க்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் வைத்திருந்துதான் கொடுத்தேன். மிலிட்டரி தபாலாம், ஞாயித்துக்கிழமைனும் பாக்காம இப்பதான் குடுத்துட்டுப் போனாரு என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஐந்து வேளையும் அழுது பார்த்துவிட்டேன். பாரம் இறங்கவில்லை. அல்லாவுக்குச் செய்த தப்பை அல்லா மன்னிப்பான், மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர் மன்னித்தால்தான் அல்லாவும் மன்னிப்பான் என்று மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் தப்புச் செய்தது உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும். முதலில் உங்களிடம் கேட்கிறேன். சென்ட்ரலில் கேட்டிருக்க வேண்டியது. அப்போது கேட்டிருந்தால், எதற்காக என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். என்னை மன்னிப்பீர்களா?

ஜுவேரியா


ஜூன் 29

ஜுவேரியா,

உன் கடிதம் 24ஆம் தேதி கிடைத்தது. ஐந்து நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று காலை போனில் உன் குரலைக் கேட்டதும், எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அது கோபம் இல்லை.

மே 6ஆம் தேதி காலை, நீ வேலைக்குப் போன பிறகு, பனியன் தேடி பீரோவைத் திறந்தேன். தட்டில் விரித்த பேப்பர் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு இருந்தது. கையை விட்டேன். கவர் வந்தது. முத்திரையைப் பார்த்தேன். என்னவென்று எனக்கும் தெரிந்தது. நானும் பிரிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்து, பேப்பரை நீவிவிட்டு, பீரோவைச் சாத்தினேன்.

ஏன் என்று கேட்பாய். பயம், ஜுவேரியா. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஏழு வருஷமாக ஆகஸ்ட் பதினைந்துக்கு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தவன் நான். மிலிட்டரி பாய் என்று கூப்பிடுகிறவர்களிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல? மற்றவர்கள் ஒரு தடவை காட்டினால் போதும், நம் ஆட்கள் இரண்டு தடவை விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? வேண்டாம் என்று என் வாயால் சொல்ல முடியாததை நீ எனக்காகச் செய்திருந்தாய். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. மாட்டினால் உன் தலையில் விழும், பிழைத்தால் இரண்டு பேருக்கும் லாபம். இவ்வளவு அப்பட்டமாக அன்று நினைக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

இன்னும் இருக்கிறது. ஒன்பதாம் தேதி சாயங்காலம் வைரவன் ரயிலிலிருந்து என் புது நம்பருக்குப் பேசினான். நம்பர் மாறியதை யூனிட்டுக்கு நான் சொல்லவில்லை, அவனுக்கு மட்டும்தான் தெரியும். "இன்னா மச்சி, உனுக்கு லெட்டர் வர்லியா? லிஸ்ட்ல எனுக்கு முன்னாடி நீதானடா இருக்கணும்?" என்றான். "வரலடா" என்றேன். பீரோவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். "செரி வுடு, போஸ்ட்மேன் எங்கியாச்சும் தூங்கிக்கினு இருப்பான். நீ மெதுவா வா, நான் எடம் புடிச்சு வைக்கிறேன்" என்று சிரித்தான்.

அன்றைக்கே கவரை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் அவனைப் பாதி வழியிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்னவோ.

பதினொன்றாம் தேதி நீ கவரைக் கொடுத்தபோது நன்றாக நடித்தேன். இங்கே வந்து, தபால்காரர் மேல் புகார் எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டேனே, அதுவும் தெரிந்துதான் கேட்டது. நீயாகச் சொல்லிவிடுவாய், சொன்னதும் பெரிய மனசோடு மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தேன். உன்னை மன்னித்தால் என் பங்கும் கழுவிப்போய்விடும் என்று ஒரு நப்பாசை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதைக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

பொன்மணியிடம் இப்போது எதுவும் சொல்லாதே. நான் வந்த பிறகு யோசிப்போம்.

ஷோயப்


ஜூலை 1

அன்புள்ளவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசிய விதத்திலேயே உங்கள் மனசு தெரிந்தது. நான் செய்ததற்கு அது குறைவுதான். பதில் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பொன்மணியிடம் சொல்லிவிட்டேன்.

வைரவன் அண்ணனை 27ஆம் தேதி இங்கே ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்றுக் காலை பொன்மணி அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலிலேயே நின்று, தபால் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் அடுப்பை அணைத்தாள்.

நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அல்லா மேல சத்தியமா அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் மட்டும் செஞ்சது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அது போதும். அவரு உன் வூட்டுக்காரரத் தம்பி தம்பின்னு கெடந்தாரு. அதுவும் பொய்யினா தாங்க மாட்டாரு" என்றாள். சாப்பாட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "நானா இருந்தாலும் ஒளிச்சுத்தான் வச்சிருப்பேன். அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வைரவன் அண்ணனிடம் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்ததும், "ஷோயப்பு எப்டிக்கிறான்? அவன் மேல போவாம கீழியே இருக்கட்டும்னு சொல்லு" என்றார்.

உங்கள் நட்பையாவது காப்பாற்றிக் கொடுத்தேன் என்று ஒரு சின்ன ஆறுதல். கோபம் ஆறியதும் ஒரு வரி எழுதுங்கள்.

ஜுவேரியா


ஜூலை 9

ஷோயப்,

உங்கள் 29ஆம் தேதிக் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. என் 1ஆம் தேதிக் கடிதம் இந்நேரம் உங்கள் கையில் இருக்கும். இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

முதலில் படித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். உங்களுக்கும் போக மனசில்லையே, என்னோடு இருக்கத்தானே நினைத்தீர்கள் என்று. அடுத்த நிமிஷம் வேளச்சேரி ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

என்னைச் சோதித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு மாசம் நான் மட்டும் பாவி என்று நினைத்துத் தொழுகைப் பாயில் அழுதேனே, நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு பறங்கிமலையைப் பற்றி வேடிக்கையாக எழுதினீர்கள். அதற்கும் சிரித்தேன் நான். அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன், என் பங்கில் பாக்கி இல்லை. இதை எழுதும்போதே உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, என்ன செய்ய. ஆனால் பொன்மணியின் அடுப்புக்கு முன்னால் உங்களுக்காக அல்லா மேல் ஆணையிட்டேன். அது இப்போது பொய்ச் சத்தியமாகிவிட்டது. தெரியாமல் செய்தது என்று எனக்கு அல்லா விட்டுவிடலாம். அவளிடம் போய், இல்லைக்கா, அவருக்கும் தெரியும் என்று நானே சொல்லிவிடலாம்தான். இரண்டு நாளாக அதற்குத்தான் கிளம்பினேன், வாசல் வரை போய்த் திரும்பினேன். உங்களால் வாயைத் திறந்து சொல்ல முடியாததை ஒரு தடவை உங்களுக்காக நான் செய்து, அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்த்துவிட்டோம். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

வைரவன் அண்ணனை வரும் வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆள் வேண்டும் என்றார்கள். நான் வருகிறேன் என்றேன். பொன்மணி வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. காலை வேலையை முடித்துக்கொண்டு தினமும் பதினொரு மணி ரயிலில் போகப்போகிறேன். மாலை ஐந்து வரை அங்கேதான் இருப்பேன்.

இந்த மாசக் கடைசியில் உங்கள் பேட்சுக்கு லீவு என்று முன்பு போனில் சொன்னீர்கள். சென்ட்ரலில் இறங்கியதும் மயிலாப்பூருக்கு வராதீர்கள். பூட்டிய கதவுதான் இருக்கும். நேராக வேளச்சேரிக்கு வாருங்கள். வைரவன் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, ரயிலிலிருந்து அவர் பேசியபோது கவர் எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன், ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அவர் உங்களை வெளியே போகச் சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே போவோம்.

ஜுவேரியா